கோடிக்கரை மானும் நமது காலடியும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வந்து, தஞ்சை நாட்டின் தென்கிழக்கு மூலையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அவ்வாறு திரும்புகிற முனையே கோடிக்கரை. அதற்குக் கிழக்கே வங்கக் கடல்; தெற்கே பாக் ஜலசந்தி; மேற்கே முத்துப்பேட்டை வரையில் நீண்டு கிடக்கும் பெரிய சதுப்பு நிலம்; வடக்கே வேதாரண்யத்து உப்பளங்கள். 1991-ஆம் வருஷத்தில் நாகப்பட்டினம் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்படும் வரையில் இவ்விடமும் தஞ்சாவூர் ஜில்லாவையே சேர்ந்திருந்தது. காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாற்றின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும், வழியெல்லாம் வயல்களுக்கு நீர் கொடுத்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்தச் சதுப்புப் பிரதேசத்திலேதான்.

நேயர்களில் அநேகர் இவ்வூரை இரண்டு காரணங்களால் அறிந்திருப்பார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும், ஆதிசேது என்று போற்றப்படும் இக்கடலில் நீராடி முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய ஜனங்கள் திரள் திரளாக வருகிறார்கள். இது ஒன்று. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள், அம்மாதம் 28-ஆம் தேதி வந்து சேர்ந்த வேதாரண்யமும், 30-ஆம் தேதி உப்பள்ளிச் சட்டத்தை மறுத்த அகஸ்தியம்பள்ளியும் கோடிக்கரைக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. இது மற்றொன்று. நடந்து வந்தவர்களாலேயே பெருமை பெற்ற பூமி இது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அதுவே இக்கட்டுரையின் விஷயம். பறவை நூல் வல்லுநரான ஸாலிம் அலி போன்றோர் இவ்விடத்தின் அருமையை எடுத்துக் கூறியதன் பின்பு, 1967-ஆம் வருஷத்தில் சர்க்கார் இங்கே 17.26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சரணாலயம் ஒன்றை அமைத்தார்கள். 2002-ஆம் வருஷத்தில், சுற்றியுள்ள சதுப்பு நிலங்களோடு சேர்த்து, உலகம் முழுவதற்கும் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இது இடம் பெற்றது. பனிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து வரும் பறவைகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வருஷம் முழுவதும் அங்கேயே பிறந்து, அங்கேயே மேய்ந்து, அங்கேயே மடிகிற வெளிமானைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துப்பாக்கி இல்லை, வலை இல்லை, கண்ணி இல்லை. ஒரு கூஜாத் தண்ணீரும் கட்டுச்சாதமும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுடன் காட்டுப் பாதையில் நடந்து போகிற ஒரு குடும்பத்தால் மானுக்கு என்ன கெடுதல் நேர்ந்துவிடும்? ஒன்றும் நேராது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த விடை முழுவதும் சரியன்று என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

வெளியில் வாழும் மான்

வெளிமான் என்ற பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. புதரில் பதுங்கிப் பிழைக்கும் பிராணியன்று அது. திறந்த புல்வெளியில் கூட்டமாக மேய்ந்து வாழ்வது. பழந்தமிழில் இரலை என்றும் புல்வாய் என்றும் வழங்கியது இதுவே என்பர். வளர்ந்த ஆண்மானுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். தலையில் திருகு போல முறுக்கேறிய நீண்ட கொம்புகள். பெண்மான் வெளிர்ந்த பழுப்பு நிறம், கொம்பில்லாதது.

திறந்த வெளியில் வாழ்கிற பிராணிக்குக் கண்ணும் காலுமே ஆயுதங்கள். ஆபத்தை வெகு தூரத்திலேயே கண்டுகொள்ள வேண்டும். கண்டவுடன் ஓட வேண்டும். ஒரு காலத்தில் நம் நாட்டுச் சமவெளிகளில் சிவிங்கிப் புலிகள் இவற்றைத் துரத்தின. ராஜாக்களும் நவாபுகளும் அந்தச் சிவிங்கிகளையே பிடித்துப் பழக்கி, வெளிமான் வேட்டைக்கு ஏவினார்கள். நம் நாட்டில் பிறந்து வளர்ந்த சிவிங்கிகளில் கடைசியாக அறியப்பட்ட மூன்று, 1947-இல் கொரியா சமஸ்தானத்தில் சுடப்பட்டன. 1952-இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப் போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. துரத்தியது போய்விட்டது, துரத்தப்பட்டதன் ஓட்டம் மாத்திரம் இன்னும் இருக்கிறது.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதைக் கொல்வோர்க்கு மூன்று முதல் ஏழு வருஷம் வரையில் சிறைவாசம் உண்டு. சட்டத்தை நாம் படித்திருக்கிறோம், மான் படிக்கவில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்து வருகிற உருவம் எதுவாயினும் அதன் கண்ணுக்கு வேடன் உருவமே. கையிலிருப்பது துப்பாக்கியா, ஊன்றுகோலா, கைபேசியா என்று நின்று விசாரிக்க அதற்கு நேரமில்லை.

நாம் ஒரு மார்கழி மாதத்தில் மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தோம். பாதையிலிருந்து ஏறக்குறைய இருநூறு அடி தூரத்துக்கு அப்பால் ஒரு மான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பாதையை விட்டு விலகாமல், பேச்சை நிறுத்தி, மெல்ல நடந்தோம். கருத்த ஆண்மான் தலையை நிமிர்த்திப் பார்த்தது. பெண்மான்கள் சில மேய்ச்சலை நிறுத்தின. சற்று நேரத்துக்கெல்லாம் மீண்டும் குனிந்து புல்லைக் கறிக்கத் தொடங்கின. எங்களுக்குப் பின்னால் வந்த வேறொரு கோஷ்டியில் இரண்டு வாலிபர்கள் படம் பிடிக்கும் ஆவலால் பாதையை விட்டிறங்கி, கூட்டத்தை நோக்கி நேராக நடந்தார்கள். ஒரு பெண்மான் நிலத்திலிருந்து எம்பித் துள்ளியது. அடுத்த நொடியில் கூட்டம் முழுவதும் பாய்ந்தோடி, தூரத்துச் சீமைக் கருவேலங்களுக்கு அப்பால் மறைந்துவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பாதையில் நடந்தவர்களும் மனிதர்களே. பாதையை விட்டவர்களும் மனிதர்களே. மான் இருவரையும் வெவ்வேறாகக் கணக்கிட்டது.

அமெரிக்கக் காடுகளில் கண்டது

இந்த வேறுபாட்டை அமெரிக்காவில் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே எல்க் என்று ஒரு பெரிய மான் இனம் உண்டு. இலையுதிர் காலம் அதற்கு இனச்சேர்க்கைக் காலம். அதே சமயத்தில் பல மாகாணங்களில் சட்டபூர்வமான வேட்டைப் பருவமும் வந்துவிடும். மலைப் பாதைகளில் உல்லாசமாக நடப்பவர்களும் அப்போது வருகிறார்கள். வேட்டை தொடங்கியவுடன் எல்க் கூட்டங்கள் பொதுக் காடுகளை விட்டு, வேட்டைக்கு இடம் கொடாத தனியார் பண்ணைகளை நோக்கி நகர்வதை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். வேட்டைக்காரரின் காலடியையும் வெறுமே நடப்பவரின் காலடியையும் அவை அப்போது பிரித்தறியக் காத்திருப்பதில்லை.

ஆரெகன் மாகாணத்தில் ஸ்டார்க்கி என்ற ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலத்தை உயரமான வேலியால் வளைத்து, எல்க்குகளின் கழுத்தில் இருப்பிடம் அறியும் கருவிகளைக் கட்டி, பாதைகளில் மனிதர்களை வெவ்வேறு விதமாக அனுப்பிப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, மோட்டார் வண்டிகளுக்கு எல்க்குகள் மிக அதிகமாக ஒதுங்கின; அடுத்தபடி சைக்கிள்களுக்கு. நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் ஒதுங்கியது அவற்றைவிடக் குறைவு. ஆனால் அவர்களுக்கும் ஒதுங்கவே செய்தன. பாதையில் ஆள் நடமாட்டம் இருந்த நாட்களில் பாதையோரத்துப் புல் அவற்றுக்குப் பயன்படாமல் போயிற்று.

யூட்டா மாகாணத்தில் ஆன்டிலோப் தீவில் நடந்த வேறொரு ஆராய்ச்சி 2003-இல் வெளியாயிற்று. மியூல் மான் என்ற இனத்தைக் கவனித்தார்கள். பாதையிலேயே செல்பவர் 100 மீட்டருக்குள் வந்தால் அது ஓடுவதற்கு நூற்றுக்கு 70 பங்கு வாய்ப்பு. பாதையை விட்டு விலகி நடப்பவர் அதே தூரத்தில் வந்தால் 96 பங்கு. இதைவிடச் சிந்திக்கத் தக்கது ஒன்று. அங்கே வந்திருந்த ஜனங்களை விசாரித்தபோது, மான் பொறுத்துக்கொள்ளும் தூரத்தைவிட இன்னும் கிட்டே போகலாம் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். மான் ஓடிய பிறகே நாம் அளவு கடந்து நெருங்கிவிட்டோம் என்று தெரிகிறது. அதற்குள் காரியம் நடந்து முடிந்துவிடுகிறது.

ஓடினால் என்ன, மறுபடி வந்து மேய்கிறது என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. கொலராடோ மாகாணத்தில் 1996, 1997 ஆகிய இரு வருஷங்களிலும், எல்க் கன்று ஈனும் பருவத்தில் ஆட்களை வேண்டுமென்றே அவற்றின் நடுவே நடக்கவிட்டார்கள். ஒருவரும் ஒரு கன்றையும் தொடவில்லை. ஆயினும் தாய்களுக்குக் கன்றுகளின் விகிதம் குறைந்தது. பின்னர் அந்த நடமாட்டத்தை நிறுத்தியதும் விகிதம் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. வெறும் நடையினாலேயே கன்றுகள் குறையும். நடையை ஒழுங்குபடுத்தினால் கன்றுகள் மீளும். இரண்டையும் ஒருசேரக் கற்பித்த ஆராய்ச்சி இது.

ஒதுங்க இடம் எங்கே?

இனி நமது கோடிக்கரைக்கு வருவோம். எல்க்குக்கும் வெளிமானுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எல்க்குக்கு ஒரு பள்ளத்தாக்கு பிடிக்காவிட்டால் அடுத்த பள்ளத்தாக்கு உண்டு. அரசாங்கக் காடு ஆபத்தானால் தனியார் பண்ணை உண்டு. கோடிக்கரை மானுக்கு இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் உப்பளமும் ஊரும். அதற்கு அப்பாலோ, காவிரி பாய்கிற இடமெல்லாம் நம் முன்னோர் ஒரு சாண் விடாமல் உழுது நெல் விளைத்த வயல்கள். கலப்பைக்கு ஏற்காத மணலும் உவரும் கலந்த இந்த மூலையில் மாத்திரமே புல்வெளி தப்பிப் பிழைத்தது. காட்டை விட்டு வெளியேறுகிற மானை ஊர் நாய்கள் துரத்துகின்றன. சாலையில் வண்டிகள் மோதுகின்றன. ஆதலால் இந்த மான் ஒதுங்கும்போது வேறொரு நாட்டுக்குப் போவதில்லை. தன் வீட்டிலேயே ஒரு அறையை இழக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு பாதை 5 கிலோமீட்டர் நீளம் செல்வதாக வைத்துக்கொள்வோம். பாதை பிடிக்கிற நிலம் ஒன்றரை ஹெக்டேர்தான். ஆனால் ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி இருபுறமும் 200 மீட்டர் தூரம் மான்கள் ஒதுங்குவதாகக் கொண்டால், அவை இழக்கும் நிலம் 2 சதுர கிலோமீட்டர் ஆகிறது. 17.26 சதுர கிலோமீட்டரில் இது ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். அந்தப் பரப்பு முழுவதும் புல்வெளியுமன்று. பெரும் பகுதி பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைக் காடு. உவர்ச் சேறும் உண்டு. எஞ்சிய புல்வெளியிலும் சீமைக் கருவேலம் புகுந்து திறந்த வெளியை அடைத்துக்கொண்டு வருகிறது. காட்டில் திரியும் குதிரைகளும் ஊர் மாடுகளும் அதே புல்லையே மேய்கின்றன. இத்தனை நெருக்கடிக்கு நடுவில்தான் நமது பாதை ஓடுகிறது.

இதற்குமேல் இயற்கையின் சோதனை வேறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலில் இக்காட்டின் மரங்கள் வீழ்ந்தன. மான்கள் பல மாண்டன. புயலை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் புயலில் தப்பிய மானுக்குத் தினந்தோறும் சிறிய புயலாக நாம் இராமல் இருக்க முடியும்.

குட்டியும் குளமும்

வெளிமானின் வாழ்வில் நமது நடமாட்டம் மிகவும் உறுத்துகிற இடங்கள் இரண்டு.

முதலாவது குட்டி. பெண்மான் ஆறு மாதம் போலச் சுமந்து ஒரு குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டியைச் சில நாட்கள் வரையில் தாய் தன்னோடு கூட்டிச் செல்வதில்லை. புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுச் சற்றுத் தூரம் சென்று மேயும். அவ்வப்போது வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். குட்டி அசையாமல் கிடப்பதே அதற்குப் பாதுகாப்பு. அந்தப் புல்லோரம் நாம் நின்று கொண்டிருந்தால் தாய் வராது, பால் தவறும். குட்டியைத் தாயற்றது என்று எண்ணி இரக்கத்தோடு கையில் எடுப்பவர்களும் உண்டு. அது இரக்கத்தின் பெயரால் செய்யும் கொடுமை. நாம் நடந்த மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு நாய் வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

எல்க் வருஷத்தில் ஒரு பருவத்தில்தான் கன்று ஈனும். அதனால் அங்கே அந்தச் சில வாரங்களுக்கு மாத்திரம் பாதைகளை மூடிவிட முடிகிறது. வெளிமானோ வருஷத்தில் எந்த மாதத்திலும் குட்டி ஈனக் கூடியது. மாதம் பார்த்து மூடுவது இங்கே போதாது. இடம் பார்த்து மூட வேண்டும். புல்வெளியின் ஒரு பகுதியாவது வருஷம் பன்னிரண்டு மாதமும் மனிதன் கால் படாத இடமாக இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டாவது தண்ணீர். சித்திரை வைகாசியில் குட்டைகள் வற்றிவிடும். காட்டிலாகாவினர் தொட்டிகளில் நீர் நிரப்புகிறார்கள். அதே மாதங்களில்தான் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஜனங்கள் காடு பார்க்கக் கிளம்புகிறார்கள். மானைப் பார்க்க எளிய வழி தண்ணீர்த் தொட்டியருகே நிற்பது என்று எவருக்கும் தோன்றும். நாம் நிழலில் உட்கார்ந்து காத்திருக்கிற ஒரு மணி நேரமும், தூரத்தில் வெயிலில் நின்று தாகத்தோடு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மான் கூட்டம் இருக்கலாம்.

பகலில் மனிதருக்கு அஞ்சினால் இரவில் மேயட்டுமே என்று எண்ணலாகாது. உலகின் ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய 76 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு கட்டுரை, மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் பிராணிகள் இரவு வாழ்க்கைக்கு மாறிவருவதைக் காட்டியது. வெளிமானோ பகல் வெளிச்சத்தில் தூரம் பார்த்துப் பிழைக்கும் பிராணி. கோடிக்கரை இரவில் நரிகள் திரிகின்றன. பகலை நாம் பறித்துக்கொண்டால் அதற்கு மிஞ்சுவது நரியின் நேரமே.

யாரைத் தடுப்பது?

இவ்வளவையும் கேட்ட சிலர், அப்படியானால் காட்டைப் பூட்டிவிடுவதுதானே என்பார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. ஆதிசேதுவில் நீராடுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். மணல் மேட்டின்மீதுள்ள இராமர் பாதத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் பக்தியோடு வருகிறார்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் மீன் பிடிக்க வந்து கரையில் தங்கும் செம்படவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. கோடிக்காட்டிலும் கோடிக்கரையிலும் குடியிருப்போருக்கு அது சொந்த ஊர். மேலும், ஜனங்கள் ஒருநாளும் கண்ணால் பாராத காட்டுக்காக ஜனங்கள் வாதாட மாட்டார்கள். மானைப் பார்த்த குழந்தைதான் பின்னாளில் மானுக்காகப் பரிந்து பேசும்.

தடுக்க வேண்டியது நடையை அன்று, நடையின் ஒழுங்கின்மையை. தினமும் அதே வழியில் அதே நேரத்தில் போகிற ஊராருடைய நடையை மான் ஓரளவு கணக்கிட்டு வைத்துக்கொள்ள முடியும். கணக்கிட முடியாதது, நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் முளைக்கிற உல்லாசப் பிரயாணியின் நடை. ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை எளியவை. காட்டிலாகாவின் அனுமதி பெற்று, அவர்கள் குறித்த வழியில், குறித்த நேரத்தில் செல்லுங்கள். பாதையை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம். நாயை அழைத்துச் செல்ல வேண்டாம். பாட்டுப் பெட்டியும் கூச்சலும் ஊரோடு இருக்கட்டும். மேய்கிற மான் தலையை நிமிர்த்தினால், அதுவே நீங்கள் நிற்க வேண்டிய எல்லை என்று கொள்ளுங்கள். அது குனிந்து மேயத் தொடங்கிய பிறகு மேலே நடக்கலாம். பெரிதாகப் பார்க்க விரும்புவோர் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துச் செல்லலாம். அது நம்மை மானிடம் கொண்டு போகாமல், மானை நம்மிடம் கொண்டு வருகிறது.

காட்டிலாகாவினர்க்கும் ஒரு வேண்டுகோள். பாதைகளைப் பெருக்க வேண்டாம். உள்ள பாதைகள் சிலவற்றையே நன்றாக அடையாளமிட்டு வைத்தால் போதும். நீர்த் தொட்டிகள் பாதையிலிருந்து பார்வைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். அமாவாசைக் கூட்டம் வரும் நாட்களில் கடற்கரைக்குப் போகும் சாலையையும் புல்வெளியையும் பிரித்துக் காக்கத் தொண்டர்கள் தேவையானால், தஞ்சை, நாகை, திருவாரூர் ஜில்லாக்களின் பள்ளிக்கூடங்களில் சாரண மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

வேதாரண்யத்துக்கு நடந்து வந்த தொண்டர்களிடம் உலகம் கண்டு வியந்தது அவர்களுடைய வேகத்தையன்று, கட்டுப்பாட்டை. வரிசை குலையாமல், வழி தவறாமல், ஒருவருக்கும் தீங்கு நினையாமல் நடந்தார்கள். அதே சாலையில் இன்று விடுமுறைக்குப் போகிற நம்மிடம் கோடிக்கரை மான் எதிர்பார்ப்பதும் அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு சிறு பங்குதான். அடுத்த தை அமாவாசைக்குப் போகும் குடும்பங்கள், கட்டுச்சாதம் கட்டும்போதே குழந்தைகளுக்கு இதையும் சொல்லிவைத்தால் போதும்.